கோர்பச்சேவ்: உலகம் போற்றியவரை ரஷ்யா ஏன் ஒதுக்கியது?

சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் மிக்கைல் கோர்பச்சேவ் 2022 ஆகஸ்டு 30ஆம் தேதி மாஸ்கோவில் தமது 91ஆவது வயதில் காலமானார். பனிப்போரை முடித்து வைத்தவர் என்று மேலை நாட்டுத் தலைவர்கள் அவரைப் புகழ்ந்தனர். அவருடைய சொந்த நாட்டிலோ முழு அரசு மரியாதைகூடக் கிடைக்கவில்லை. அதிபர் புட்டின் மருத்துவமனைக்குச் சென்று மலர் வைத்ததோடு சரி. செப்டம்பர் 3ஆம் தேதி நடந்த நல்லடக்கத்திற்கு அவர் வரவில்லை; வேலைப் பளு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் 2007இல் போரிஸ் யெல்ட்சின் மறைந்தபோது தேசிய துக்க நாள் அறிவித்து, இறுதிச் சடங்கிலும் நேரில் கலந்து கொண்டவர் இதே புட்டின்தான்.

ஒரே மனிதர் மீது ஏன் இப்படி இரு வேறு தீர்ப்புகள்?

ஸ்தாவ்ரப்போல் வட்டாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கோர்பச்சேவ், 1985 மார்ச்சில், 54 வயதில் கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வெளிப்படைத் தன்மை, மறுசீரமைப்பு என்ற இரண்டு கொள்கைகளைக் கொண்டு வந்தார். அரசியல் கைதிகள் விடுதலையாயினர். தணிக்கை தளர்ந்தது. 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனுடன் நடுத்தரத் தொலைவு அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து படைகள் முழுமையாகத் திரும்பின.

அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. கிழக்கு ஜெர்மனியில் அப்போது 3 லட்சத்துக்கும் அதிகமான சோவியத் வீரர்கள் இருந்தனர். 1956இல் ஹங்கேரிக்கும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் டாங்கிகளை அனுப்பிய மாஸ்கோ, இந்த முறை வீரர்களை முகாமை விட்டு வெளியே அனுப்பவில்லை. 1990ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கோர்பச்சேவுக்குக் கிடைத்தது.

ரஷ்ய மக்களின் நினைவில் நிற்பது வேறு. எண்ணெய் விலைச் சரிவு, செர்னோபில் விபத்து, அரைகுறைச் சீர்திருத்தம் எல்லாம் சேர்ந்து பொருளாதாரத்தை முடக்கின. கடைகளில் பொருள் இல்லை. சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கூப்பன் முறை வந்தது. 1991 டிசம்பர் 25ஆம் தேதி அவர் பதவி விலகியபோது ஒரு நாடு 15 நாடுகளாகி இருந்தது. சுமார் 2.5 கோடி ரஷ்யர்கள் இருந்த இடத்திலேயே வெளிநாட்டில் வாழ்பவர்களாகிவிட்டனர்.

அதற்குப் பின் வந்த யெல்ட்சின் ஆட்சியில்தான் விலைவாசி பல மடங்கு ஏறி, மக்களின் சேமிப்பு கரைந்தது. 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58 வயதுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டவர் என்ற முறையில் பழி கோர்பச்சேவ் தலையில்தான் விழுந்தது. 1996 அதிபர் தேர்தலில் அவருக்கு 1 விழுக்காட்டு வாக்குகூடக் கிடைக்கவில்லை.

அவரை அமைதித் தூதர் என்று ஏற்காதவர்கள் ரஷ்யாவுக்கு வெளியேயும் உண்டு. 1991 ஜனவரியில் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் சோவியத் படைகளின் தாக்குதலில் 14 பேர் உயிரிழந்தனர். திபிலிசியிலும் பாக்குவிலும் அதற்கு முன்பே இரத்தம் சிந்தப்பட்டிருந்தது. உக்ரேனியர்களுக்கு வேறொரு மனக்குறை: 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக் கொண்டதை அவர் ஆதரித்தார். அதனால் 2016இல் உக்ரேன் தன் நாட்டிற்குள் நுழைய அவருக்குத் தடை விதித்தது.

ஆக, ஒவ்வொருவரும் தங்களுக்கு வந்த இலாப நட்டத்தை வைத்தே அவரை எடை போடுகின்றனர். சுவர் விழுந்ததால் குடும்பத்தோடு சேர்ந்த ஜெர்மானியரும், சேமிப்பை இழந்த ரஷ்ய ஓய்வூதியரும் ஒரே தீர்ப்பை வழங்க முடியாது. இரண்டுமே பொய்யல்ல. ஆனால் அணு ஆயுதமும் பெரும் படையும் கையில் இருந்தும், நாற்காலியைக் காப்பாற்ற நாட்டை உள்நாட்டுப் போரில் தள்ளாமல் அவர் இறங்கிப் போனார் என்பதை இரு தரப்பும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவர் விட்டுச் சென்றவற்றில் எது மிச்சம் என்பதுதான் இப்போதைய கேள்வி. ரீகனுடன் செய்த ஒப்பந்தம் 2019இல் காலாவதியானது. அவர் நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வளர்த்த நொவாயா கெஸட்டா செய்தித்தாள், உக்ரேன் போர் தொடங்கிய அடுத்த மாதமே வெளியீட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. இறுதி ஊர்வலத்தில் கோர்பச்சேவின் படத்தை ஏந்தி முன்னால் நடந்தவர் அந்த ஏட்டின் ஆசிரியர் திமித்ரி முராத்தோவ். அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கான மாஸ்கோவாசிகள் வரிசையில் நின்றனர். அவர் தந்த சுதந்திரத்தின் அருமையை, அதை இழந்த பிறகு உணர்ந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.