அளக்காத தார் வீதியாகாது!

அரியாலையை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதி, 2002இல் திறந்து, 2006இல் மூடுண்டு, போர் முடிந்தபின் மீண்டும் திறந்த பாதை. அத்தகைய மண்ணில் ஓர் ஒழுங்கைக்குத் தார் வந்தாலும் மகிழ்ச்சியே. ஆனால், தார் வந்தாற் போதுமென்று நாம் வாளாவிருக்க மாட்டோம். நாம் கேட்பது கணக்கு!

மூன்று மீற்றர் அகலத்துக்குத் தார் தெளிக்கும் லொறி, நிமிடத்துக்கு 300 லீற்றர் தெளித்தபடி 100 மீற்றர் ஓடினால், சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் விழும். அவசரத்தில் 125 மீற்றர் ஓடினாலோ விழுவது 0.8 லீற்றரே! ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது எவர் கண்ணுக்கும் தெரியாது. கறுப்பு யாவற்றையும் மறைத்துவிடும்.

மாரி மறைக்குமா? தார் குறைந்தாற் சல்லி பெயரும், மழைநீர் உள்ளிறங்கும், குழி விழும். மிகுந்தாலோ வெயிலிற் கசிந்து சக்கரம் வழுக்கும்.

இதைத் தடுக்க மந்திரம் வேண்டியதில்லை. பரப்பளவு தெரிந்த தட்டுகளை வீதிக்குக் குறுக்கே வரிசையாக வைத்து, அவற்றின்மேல் தெளித்து, முன்னும் பின்னும் எடை பார்த்தாற் போதும். தெளிக்கும் துவாரங்களுள் எது அடைபட்டதென்பதையும் தட்டே காட்டிக்கொடுக்கும். தட்டுக்கும் தராசுக்கும் பணமில்லையா, மனமில்லையா?

மக்களே! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அளவுப் பதிவைக் கேளுங்கள். சந்தையில் தராசு முள்ளை உற்றுநோக்கும் நாம், நமது வரிப்பணம் தாராய் ஊற்றப்படும்போது மட்டும் கண்மூடி நிற்பதோ?