சாமியானா வாங்கலாமா?

பீர்க்கன்கரணையில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு யோசனையுடன் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கையில் பிராவிடண்டு பண்டுப் பணம் கொஞ்சம் இருக்கிறது; வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

"நிச்சயதார்த்தம், கல்யாணம், அப்புறம் சீமந்தம், பேரன் பிறந்தால் ஆண்டு நிறைவு, ஆக நாலு தடவை சாமியானா வாடகைக்கு எடுக்கப் போகிறேன், ஸார். அந்தப் பணத்தை ஊரானுக்குக் கொடுப்பானேன்? சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால் நம் வீட்டுக் காரியம் போக, மற்ற நாட்களில் வாடகைக்கும் விடலாமே!" என்றார்.

கேட்பதற்கு ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது. ஊரின் பெயரிலேயே பீர்க்கு இருக்கிறது. பீர்க்கங்கொடியோ பந்தலை நம்பிப் பிழைக்கிற ஜாதி. பந்தல் தொழிலுக்கு இதைவிட ராசியான ஊர் எது என்று நானும் நினைத்தேன். ஆனால் நண்பர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தவுடனே ராசி கொஞ்சம் மங்க ஆரம்பித்தது.

ஒரு பேச்சுக்குச் சாமியானா, இரும்புக் குழாய், கயிறு எல்லாமாக 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் வாடகை 2,000. சொந்தக் காரியம் நாலுக்கும் சேர்த்து மிச்சம் 8,000 ரூபாய். பாக்கி 52,000-ஐத் துணிதான் சம்பாதித்துக் கொடுக்கவேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் வண்டிச் சத்தமும், கட்டி அவிழ்க்கிற ஆட்களின் கூலியும் 1,100 ரூபாய் என்றால், கையில் நிற்பது 900. அப்படியானால் ஏறக்குறைய 58 தடவை அது வெளியே போய்க் கிழியாமல் திரும்ப வேண்டும். நண்பர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி கேட்டார்.

58 தடவை போகாதா என்றால், போகும். எப்போது போகும் என்பதுதான் கேள்வி. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் கல்யாணம் கிடையாது. மற்ற மாதங்களிலும் எல்லாருக்கும் ஒரே முகூர்த்தம். அன்றைக்குப் பத்துப் பேர் சாமியானா கேட்பார்கள். நம்மிடம் இருப்பதோ ஒன்று. மறுநாள் பத்துக் கடைக்காரரிடம் சாமியானா இருக்கும், கேட்பார் இல்லை. ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ் வார்த்தல் ஓரளவு கைகொடுக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருஷம் முழுவதும் சோறு போடுகிறது எது தெரியுமா? சொல்லவே சங்கடமாக இருக்கிறது. துக்க வீடுதான். அதற்கு முகூர்த்தமும் இல்லை, முன்பணமும் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். விடிவதற்குள் வாசலில் நிழலும் ஐம்பது நாற்காலியும் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து போகிறவனே கடைக்காரன். அவனிடம்தான் பிற்பாடு அதே குடும்பம் கல்யாணத்துக்கும் வரும். என் நண்பரோ இரவு ஒன்பதரைக்கு மேல் தம் வீட்டு டெலிபோனையே எடுக்கிற வழக்கம் இல்லாதவர்.

அப்புறம் மழை. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள்; சென்னைச் சுற்றுவட்டாரத்தில் அடைமழை கொட்டுவதும் அவற்றில்தான். துணியின் நடுவில் தொய்வு விழுந்து தண்ணீர் தேங்கினால், நாலு விரற்கடை ஆழத்துக்கே ஒரு சதுர மீட்டரில் எழுபது எண்பது கிலோ பாரம் ஏறிவிடும். குழாய் வளையும், அடியில் சம்பந்திகள் உட்கார்ந்திருப்பார்கள். நனைந்த துணியை அப்படியே மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சக்காளான் பிடிக்கும். உலர்த்த இடம் வேண்டும். பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையை விட்டால் அவ்வளவு வெட்டவெளி எங்கே இருக்கிறது? தரையில் அடுக்கி வைக்கலாம் என்றாலோ, 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூர் வெள்ளத்தில் மிதந்ததைப் பார்த்தவர் அவர்.

சாமியானா என்பதில் சாமி ஒன்றும் கிடையாது. அது பாரஸீகச் சொல். திப்பு சுல்தானுக்கு ஒரு கூடாரம் இருந்தது. பருத்தித் துணியில் பூவேலை அச்சிட்ட அழகான கூடாரம். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அது, அப்போது சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்தார் வசமாகி, வேல்ஸ் தேசத்துப் போவிஸ் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்களாம்! விலையும் இல்லை, வாடகையும் இல்லை. இப்படி ஒரு மூன்றாவது மார்க்கம் இருப்பதை நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம், மலிவாக ஒரு செயற்கை நூல் சாமியானாவுக்கு அச்சாரம் கொடுக்கும் உத்தேசத்தில் இருந்தார். அந்த இடத்தில் நானும் விளையாட்டை நிறுத்திக்கொண்டேன். 1995 டிசம்பர் 23-ந் தேதி ஹரியானாவில் டப்வாலி என்ற ஊரில் பள்ளிக்கூட ஆண்டு விழா. மேலே கட்டியிருந்த செயற்கைத் துணிப் பந்தலில் தீப்பற்றி, துணி உருகிக் கூட்டத்தின் மேல் சொட்டியது. வெளியேற வழி போதவில்லை. நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் அவர்களுடைய தாய்மார்களும். அவ்வளவு தூரம் போவானேன்? 1997 ஜூன் 7-ந் தேதி தஞ்சைப் பெரிய கோயிலில் கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட பந்தல் பற்றிக்கொண்டு 48 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கொட்டகை எரிந்து, மணமகன் உள்பட ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

பந்தல் போடுவதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிமுறை ஒன்று இருக்கிறது. அதன் எண் 8758. செயற்கைத் துணி கூடாது, மின்சாரக் கம்பிக்கு அடியில் போடக்கூடாது, உயரம் மூன்று மீட்டருக்குக் குறையக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. பருத்தித் துணியை வெண்காரம், படிகாரம் முதலிய உப்புக்கள் கரைத்த நீரில் தோய்த்தால் சீக்கிரம் தீப்பிடிக்காது. ஆனால் ஒரு நல்ல மழையில் உப்பு கரைந்துவிடும், மறுபடி தோய்க்க வேண்டும். வாடகைக்கு எடுக்கிறவர்கள் கலரையும் ஜரிகையையும் பார்க்கிறார்கள். என்ன துணி, வழி எத்தனை, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று எந்தப் பெண்ணைப் பெற்றவராவது கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் என் வீட்டுக் காரியத்தில் கேட்கவில்லை.

வரி விஷயத்தில் நண்பருக்கு ரொம்பக் கவலை. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் குடியிருந்தால் ஜி.எஸ்.டி. கட்டித்தானே தீரவேண்டும் என்றார். வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றேன். அந்தக் கவலை தமக்கு வராது என்று ஒப்புக்கொண்டார். தெருவை அடைத்துப் பந்தல் போடுவதானால் தாம்பரம் மாநகராட்சியையும் போலீஸாரையும் கேட்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டார்.

முடிவில், பெண்ணின் கல்யாணத்துக்குச் சாமியானா வாடகைக்கே என்று தீர்மானமாயிற்று. பருத்தித் துணிதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லியும் விட்டார். தொழில் ஆசை மட்டும் விடவில்லை. மழைக்கும் பூஞ்சக்காளானுக்கும் அஞ்சாத சரக்காகப் பார்த்து ஐம்பது நாற்காலியும் நாலு அண்டாவும் வாங்கிவிட்டார். முதல் வாடகை எதிர்வீட்டுக் காதுகுத்துக்கு. போனது ஐம்பது நாற்காலி. திரும்பி வந்தது நாற்பத்தொன்பது. இரண்டு நாளாக அவர் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்பு நாற்காலியின் முதுகைப் பார்க்கிறாராம்.