கையில் பாரம், இடுப்பில் சாவி

"இதற்குமுன் தற்கொலைக்கு முயன்றதுண்டா? ஆம் / இல்லை."

சிறைக்குள் புதிதாக வருகிறவரிடம் பல நாடுகளில் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பவர் கையில் பாரம், இடுப்பில் சாவி. எதிரில் நிற்பவர் உண்மையைச் சொல்லிவிடுவாராம். யாரைப்பா ஏமாற்றுகிறோம்?

மலேசியாவில் 2023 வரை குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை. சிங்கப்பூர் 2020இல்தான் அதைக் கைவிட்டது. நேற்றுவரை இங்கே 'ஆம்' என்பது பதில் அல்ல, வாக்குமூலம். சட்டம் போய்விட்டது, சரி. பயமும் போய்விட்டதா? 'ஆம்' என்றால் தனிக்கொட்டடியில் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பவன் வாயைத் திறப்பானா? தனிமை ஆபத்தைக் கூட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007லேயே எழுதி வைத்திருக்கிறது.

சரி, துணிந்து 'ஆம்' என்று சொன்னால்? 2015 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் சாண்ட்ரா பிளாண்ட் சொன்னார். சிக்னல் போடாமல் தடம் மாறினார் என்று காரை நிறுத்தியதில் தொடங்கி, கைதில் முடிந்த விவகாரம். முன்பு முயன்றதாக ஒரு பாரத்தில் பதிவாகியிருந்தது; இன்னொன்றில் அதற்கு முரணான பதில். ஏன் இந்த முரண் என்று உட்கார்ந்து விசாரிக்க ஆளில்லை. ஜாமீனில் வர ஏறக்குறைய 500 டாலர் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் அவர் உயிரோடு இல்லை. காவலர்கள் மணிக்கொருமுறை நேரில் போய்ப் பார்க்கவில்லை என்று மாநிலச் சிறைக் கண்காணிப்பு ஆணையம் பிறகு குறை சொன்னது. பாரம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்" என்று முகநூலில் எழுதும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: அவர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டவர் அல்ல. விசாரணைக்குக் காத்திருந்தவர். நம் லாக்கப்புகளில் இருப்பவர்களும் அப்படித்தான்.

வேல்ஸின் ஸ்வான்சி சிறையில் 1990இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அடுத்த ஆண்டு அங்கே 'லிசனர்ஸ்' திட்டம் தொடங்கியது. சமாரிட்டன்ஸ் தொண்டர்கள் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்தார்கள். சக கைதி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, அதை வெளியில் சொல்லாமல் இருப்பது. அவ்வளவுதான். பின்னர் பல சிறைகளுக்கும் அது பரவியது. அந்தக் காதுக்குச் சொந்தக்காரனிடம் சாவி இல்லை என்பதுதான் விசேஷம்.

பாரத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. நுழையும்போது ஒருமுறை கேட்டுவிட்டு மூடி வைக்காதீர்கள். ஜாமீன் மறுக்கப்பட்ட அன்று கேளுங்கள். தீர்ப்பு வந்த அன்று மாலை கேளுங்கள். குடும்பம் பார்க்க வராமல் போன வாரத்தில் கேளுங்கள். சீருடை போடாத ஒருவரை அனுப்பிக் கேளுங்கள்.