மூணு தடவை மிதிச்சா பிடிக்குமாம்!

"வண்டி பழசு சார், பெடலை மூணு தடவை பம்ப் பண்ணினா நல்லாப் பிடிக்கும்."

போர்ட் பிளேரில் (2024-ல் ஸ்ரீ விஜய புரம் ஆயிடுச்சு, வாய்க்கு இன்னும் பழகலை) பழைய கார் வெச்சிருக்கிற நம்மாட்கள் பலர் இந்த வசனத்தைப் பெருமையா வேற சொல்றாங்க. குழந்தை அடம் பிடிக்கிறதைச் சொல்ற மாதிரி! எரிச்சலா வருது மக்களே, அதான் இந்தப் பதிவு.

"தீவுல 40-க்கு மேல யாரு போறா?"ன்னு அடுத்த வசனம். 40 கி.மீ. வேகத்துல போற வண்டி ஒரு நொடியில 11 மீட்டர் ஓடும். நீங்க மூணாவது மிதி மிதிக்கிறதுக்குள்ள மூணு மாருதி 800 நீளம் தாண்டியாச்சு. ஏற்றமும் இறக்கமுமான இந்த ஊர்ல, ஸ்கூல் விடுற நேரத்துல அந்த 11 மீட்டர்ல யார் நிப்பாங்கன்னு யோசிங்க. சாத்தம் ஜெட்டியில பாம்பூ ஃப்ளாட் படகுக்கு வண்டி இறக்குறப்போ முன்னால இருக்கிறது கடல் சாமி!

சரி, பிடிக்கலைன்னா என்ன பண்றோம்? "கொஞ்சம் ஆயில் ஊத்துங்கண்ணே." ஊத்தியாச்சு, அம்பது நூறு கொடுத்தாச்சு, கிளம்பியாச்சு. எங்க பேங்க் பாஷையில சொன்னா, கட்டாத கடனுக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கு நல்லாயிருக்குன்னு காட்டுற வேலை இது. ஆடிட் வர்ற அன்னிக்குத் தெரியும்.

பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை. அளவு குறைஞ்சா காரணம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, பேட் தேய்ஞ்சிருக்கு. இல்லைன்னா எங்கேயோ ஒழுகுது. ஊத்தினா ரெண்டும் சரியாகாது. இதுல கையில கிடைச்ச இன்ஜின் ஆயிலை ஊத்துற புண்ணியவான்களும் உண்டு. உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் உப்பிப் போய், மொத்த பிரேக்கும் காலி.

பெடல் பேசும்ங்க. கேட்கத்தான் ஆள் இல்லை.

- பஞ்சு மாதிரி அமுங்குதா? லைன்ல காத்து புகுந்திருக்கு. ப்ளீட் பண்ணணும். காத்து எந்த வழியா வந்ததுன்னும் பார்க்கணும்.
- முதல் மிதியில ஆழமாப் போய், ரெண்டாவதுல மேல வந்து கெட்டியா நிக்குதா? பின் டிரம்ல ஷூ இடைவெளி அதிகமாயிருக்கலாம். ஹேண்ட் பிரேக்கும் ரொம்ப மேல வருதான்னு பாருங்க.
- அழுத்திப் பிடிச்சா மெதுவாக் கீழே இறங்கிக்கிட்டே போகுதா? ஓட்டாதீங்க. வெளியில ஒழுகல், ஆயில் அளவும் குறையலைன்னா, மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ரப்பர் போயிருக்கும்.
- கல்லு மாதிரி இருக்கா? இன்ஜினை நிறுத்தி நாலஞ்சு தடவை மிதிங்க. அழுத்தினபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டரையோ அதோட வாக்குவம் ஹோஸையோ பாருங்க.
- காலுக்கடியில துடிக்குதா? டிஸ்க் வளைஞ்சிருக்கலாம், டிரம் வட்டம் கெட்டிருக்கலாம்.

கவனிச்சீங்களா? அஞ்சுக்கும் வைத்தியம் வேற வேற. "ஆயில் ஊத்து"ங்கிறது ஒண்ணுக்குக்கூட மருந்தில்லை.

நம்ம தீவுக்குன்னு இன்னொரு சங்கடம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்ற ஊர்ல கேட்கணுமா? டாட் 3 ஆயில் புதுசா இருக்கிறப்போ குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140-லேயே கொதிக்கலாம். மவுண்ட் ஹேரியட் (2021-லேர்ந்து மவுண்ட் மணிப்பூர்) இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றப்போ அது கொதிச்சு ஆவியானா, பெடல் நேரா தரைக்குப் போகும். அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மொத்தமா மாத்துங்க. மூடி திறந்து மாசக்கணக்கா ஷெல்ஃப்ல இருக்கிற பாட்டில் வேண்டவே வேண்டாம். உப்புக்காத்துல இரும்பு பிரேக் பைப்பும் அரிக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

"எஃப்.சி. வாங்கியாச்சே"ன்னு சிலர். சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிஞ்சு ஒரு தடவை, அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சோதனை. நடுவுல உங்க பிரேக்குக்கு யார் பொறுப்பு? ஆர்.டி.ஓ.வா?

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். மெயின்லேண்ட்லேர்ந்து பார்ட்ஸ் கப்பல்ல வரணும், காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லை. "இப்போதைக்கு ஓட்டிக்கிறேன்"னு சொல்றது நாமதான். அவர் நாம கேட்டதைச் செய்றார். அடுத்த தடவை "பிரேக் சரியில்லை"ன்னு மொட்டையாச் சொல்லாம, பெடல் என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. பாதி வேலை முடிஞ்சுது. பார்ட்ஸ் வர்ற வரைக்கும் வண்டி வீட்டுல நிக்கட்டும். பஸ் இருக்கு, ஆட்டோ இருக்கு.

மாச பட்ஜெட்ல செல்போனுக்கு ஒதுக்கற காசை வருஷத்துக்கு ஒருமுறை பிரேக்குக்கு ஒதுக்க மனசு வரலைன்னா, தயவு செஞ்சு அந்த வண்டியில பிள்ளைகளை ஏத்தாதீங்க. உங்க பிள்ளைகளை மட்டும் சொல்லலை, ரோட்டுல நடக்கிறது எங்க பிள்ளைகள்.

டிஸ்கி: நான் படிச்சது பி.காம்., மெக்கானிக் இல்லை. மேலே சொன்னது பெடல் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்க மட்டும்தான். வண்டிக்கு அடியில படுக்கிற வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க :-)