"சும்மா நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள்



36 வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பையன் "வயிறு வலிக்குது சார்" என்றான். கணக்குப் பாடத்துக்குப் பயந்து நடிக்கிறான் என்று உட்கார வைத்துவிட்டேன். அன்று இரவே அவனுக்குக் குடல்வால் ஆபரேஷன். பையன் பிழைத்துவிட்டான். எனக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை.

போன மாதம் என் ஆறு வயதுப் பேரனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் வந்து, "குழந்தை மயங்கிய பிறகு முதுகுத்தண்டின் அடியில் ஒரு ஊசி போடுவோம். விழிக்கும்போது அடிவயிறு மரத்திருக்கும்" என்றார். காடல் பிளாக் என்று பெயராம். "முதுகில் ஊசியா, வேண்டாம் மாமா" என்று மருமகள் அழுதாள். டாக்டர் பொறுமையாக விளக்கிய பிறகு சம்மதித்தாள். பேரன் கண் விழித்ததும் கேட்டது இட்லி!

1980களில்கூட, பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். போதுமான வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்தார்கள். நம் நாட்டில் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன டாக்டர் ஆனந்த், 1987இல் அது தவறு என்று ஆய்வில் காட்டினார். வலி மருந்து கொடுத்த குழந்தைகளுக்குப் பின்விளைவுகளும் குறைவாகவே இருந்தன.

இன்று வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே, ஸ்கேனில் பார்த்தபடியே மரப்பு மருந்து செலுத்தும் 'டேப் பிளாக்' முறையும் உண்டு. இவற்றால் மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவை குறைகிறது. அதனால் வாந்தியும் மந்தமும் குறையும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். பயிற்சி பெற்ற கை வேண்டும், எடைக்கேற்ற அளவு வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. காடல் ஊசி போட்டால் சில மணி நேரம் கால் தளர்ந்திருக்கலாம். பயப்பட வேண்டாம், தனியாக நடக்க விடாதீர்கள்.

என் கருத்து இதுதான். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் குழந்தைக்கு நரம்பு மரப்பு ஊசி பொருந்துமா? அது எத்தனை மணி நேரம் தாங்கும்? மரப்பு விடுவதற்கு முன்பே அடுத்த மருந்து கொடுப்பீர்களா? மூன்றாவது முக்கியம். சில சமயம் நடு இரவில் மரப்பு விடலாம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வயிற்றில் தையல் போட்ட பிள்ளை, அசைந்தால் வலிக்கும் என்று அழாமலே கிடக்கும். அதற்காக நாம்தான் கேட்க வேண்டும். அன்று நான் கேட்கவில்லை.