பெட்டியில் நகை, ஏட்டில் வட்டி

"பணம் உறுப்பினருடையது. கடன் வாங்குவதும் உறுப்பினர். நகை பெட்டகத்தில் இருக்கிறது. இதில் நட்டம் எங்கிருந்து வரும்?" உறுப்பினரிடம் வைப்பு வாங்கி உறுப்பினருக்கே கடன் தரும் 'நிதி' (Nidhi) நிறுவனங்களின் ஆண்டுப் பேரவையில் வாராக்கடன் ஒதுக்கீட்டைப் பற்றி யாராவது கேட்டால், மேடையிலிருந்து பெரும்பாலும் வரும் பதில் இது. பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் நகைக்குப் பதில் 'சம்பளப் பிடித்தம்' என்பார்கள். ஓய்வூதியப் பணத்தையும் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் இந்தப் பேச்சை நம்பிப் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகவேனும் இந்தப் பதிலை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நகை. இந்த நிறுவனங்களுக்கான 2014-ஆம் ஆண்டின் 'நிதி விதிகள்' நகை மதிப்பில் 80 சதவீதம் வரை கடன் தர அனுமதிக்கின்றன. 1,00,000 ரூபாய் நகைக்கு 80,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள், வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் ஒரு வருடம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் நிலுவை 92,000. இன்னும் மூன்று மாதம் போனால் 95,000. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாட்களில் தங்கம் சுமார் 13 சதவீதம் விழுந்தது. அப்படியொரு சரிவு வந்தால் அந்த நகையின் மதிப்பு 87,000. பெட்டகம் பூட்டியபடியே இருக்கிறது, குண்டுமணித் தங்கம்கூடக் களவு போகவில்லை. ஆனாலும் 8,000 ரூபாய் போய்விட்டது. கல்லும் அரக்கும் கழித்து ஏலத்தில் கிடைப்பது இன்னும் குறையும். விலை விழும்போது மீட்க வராமல் போகிறவர்களும் அதிகம். நகையைவிடக் கடன் கனமாகிவிட்டால் எதற்கு வருவார்கள்?

"தங்கம் ஏறிக்கொண்டேதானே போகிறது" என்பது அடுத்த வாதம். விலை ஏறும் காலத்தில்தான் கணக்கு அதிகம் மயக்கும். அதே நகை ஒரு வருடத்தில் 1,15,000 ஆகிறது. அதில் 80 சதவீதம் 92,000. அசல் 80,000, வட்டி 12,000, இரண்டும் சேர்ந்தாலும் அதே 92,000. பழைய அடகுச் சீட்டில் 'தீர்ந்தது' என்று முத்திரை விழுகிறது. புதுச் சீட்டு எழுதப்படுகிறது. நகைப் பொட்டலத்தின் மேல் எண் மாறுகிறது. கல்லாவுக்குள் ஒரு ரூபாய் வரவில்லை, கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கில் 12,000 ரூபாய் வட்டி வருமானம் ஏறிவிட்டது! அந்த லாபத்திலிருந்து அறிவிக்கும் டிவிடெண்டை மட்டும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த ரொக்கம் புதிதாக வந்த வைப்பிலிருந்து போகிறது.

விதியில் இதற்குக் கடிவாளம் இல்லாமல் இல்லை. தவணை முடிந்த மூன்று மாதத்துக்குள் நகைக்கடனை வசூலிக்கவோ புதுப்பிக்கவோ வேண்டும். இரண்டும் நடக்காமல், நகையையும் விற்காமல் வைத்திருந்தால் முழுத் தொகைக்கும் ஒதுக்கீடு போட வேண்டும், அதற்குமேல் வட்டியை வருமானமாகக் காட்டக்கூடாது. கண்டிப்பான விதிதான். 'புதுப்பித்தல்' என்ற ஒரு சொல்லில் அதன் கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது. கஷ்டத்தில் இருக்கும் உறுப்பினருக்குச் சீட்டை மாற்றிக் கொடுப்பது தப்பில்லை. அப்படி மாற்றிய கடன் எவ்வளவு என்று கணக்கறிக்கையில் தனியாகச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

அதே விதிகளின்படி, வீடு, மனை அடமானக் கடன்களில் பன்னிரண்டு மாதம் வட்டியோ தவணையோ வராமல் போனபிறகே அது வாராக்கடன். அப்போது 10 சதவீதம் ஒதுக்க வேண்டும், பிறகு 25, கடைசியில் 100. ஒழுங்காகக் கட்டப்படும் கடனுக்கு ஒதுக்கீடே இல்லை. 2008 நெருக்கடியில் உலகெங்கும் வங்கிகள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2018 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசத் தரம், கடன் கொடுத்த நாளிலிருந்தே எதிர்பார்க்கும் இழப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சிறிய நிதிகளை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்ளலாம்: இன்று நல்ல கடனாக இருக்கும் நூறில் எத்தனைக்கு அடுத்த வருடம் தவணை நின்றுபோகும்?

சம்பளப் பிடித்தத்துக்கு வருவோம். பிடித்தம் உறுப்பினர் கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பது 2018 ஜனவரி வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கங்கள் எழுப்பிய முக்கியமான குறைகளில் ஒன்று. ஓட்டுநரும் நடத்துநரும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. பணம் அவர்கள் கைக்கு வரும் முன்பே கழிந்துவிட்டது. ஆயிரம் உறுப்பினர் என்றால் ஆபத்து ஆயிரமாகப் பிரிந்துவிடும் என்று நினைப்பது இங்கே செல்லாது. அத்தனை பேருக்கும் முதலாளி ஒருவர். ஏட்டில் ஆயிரம் கடன் இருந்தாலும் உண்மையில் அது ஒரே கடன்.

"பங்குத்தொகை பலமாக இருக்கிறது" என்பார்கள். அந்தப் பங்கு யாருடையது? ஓய்வு பெறும் அன்று உறுப்பினர் கேட்டால் திருப்பித் தர வேண்டிய பணம். திருப்பித் தர மறுக்கும் முழு உரிமை சங்கத்துக்கு இல்லையென்றால் அது மூலதனம் ஆகாது, கடன் பொறுப்பே என்று 2004-லேயே சர்வதேசக் கணக்கியல் விளக்கமான ஐஎஃப்ஆர்ஐசி 2 சொல்லிவிட்டது. நம் சங்கங்கள் அந்த முறையில் கணக்கு எழுதுவதில்லை. ஒரே வருடத்தில் பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் ஓய்வு பெறும்போது இந்தப் பலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மிச்சமிருப்பது ஒரு பயம். ஒதுக்கீடு போட்டால் டிவிடெண்ட் குறையும், உறுப்பினர்கள் மிரண்டு வைப்பை எடுத்துவிடுவார்கள் என்பது. இந்தப் பயம் பொய்யில்லை. வைப்பில் குறைந்தது 10 சதவீதத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்கின்றன நிதி விதிகள். மற்றது பெரும்பாலும் கடனாக வெளியே இருக்கிறது. ஆனால் மறைத்த நட்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 10 கோடி வைப்பில் 1 கோடிதான் கையில் என்றால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், இயக்குநரைத் தெரிந்தவர், காற்றுவாக்கில் சேதி கேட்டவர் முதல் வாரத்திலேயே முழுப் பணத்தோடு போய்விடுவார்கள். வெளியூரில் மகன் வீட்டில் இருக்கும் பாட்டி முதிர்வு நாளன்று ரசீதோடு வருவார். முன்னால் போனவர்களின் நட்டமும் சேர்ந்து அவர் பங்கில் நிற்கும்.

பழமை இதற்குக் காப்பாகாது. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்ந்த வைப்பு திரும்பக் கிடைக்கவில்லை என்று 2024-இல் வைப்பாளர்கள் புகார் கொடுத்தார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த பேரவைக்குப் போகும் எந்த நிதியின் உறுப்பினரும் அச்சிட்ட அறிக்கையில் மூன்று தொகைகளைக் கேட்கலாம்: மார்ச் 31-க்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ரொக்கம் வராமலே புதுப்பித்த நகைக்கடன் எவ்வளவு, வருமானமாகக் காட்டிய வட்டியில் கைக்கு வராதது எவ்வளவு, அடுத்த ஆறு மாதத்தில் முதிரும் வைப்பு எவ்வளவு. மூன்றும் அந்த நிறுவனத்தின் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.