முள்ளை நம்பலாமா?

சீர்காழியிலிருந்து சிதம்பரம் போக கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட வேண்டும். இரவில், மனைவி குழந்தையோடு போகும்போது, நடுப்பாலத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டால் என்ன கதி? முள்ளோ "கால் டாங்கி இருக்கிறது" என்று காட்டுகிறது!

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அந்தப் பழைய புல்லட்டில் பெட்ரோல் முள்ளே கிடையாது. வண்டி திணறினால் 'ரிசர்வ்' குழாயைத் திருப்புவார்கள். மிச்சப் பெட்ரோல் வீடு கொண்டு சேர்க்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தது. புது வண்டிகள் பலவற்றில் அந்தக் குழாய் போய்விட்டது. இப்போது முள்தான் கதி.

டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோலோடு அது ஏறும், இறங்கும். அதன்படி முள் ஆடும். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தினால் கணக்குத் தப்பும். அது பழுது அல்ல. சமதரையில் நிமிர்த்திப் பாருங்கள். அப்போதும் முள் அசையவில்லையா? மிதவை சிக்கியிருக்கலாம். ஒயர் இணைப்பில் தண்ணீர் புகுந்து களிம்பு ஏறியிருக்கலாம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! தீக்குச்சி கிழித்து டாங்கிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

பழுது பார்க்கும்வரை டாங்கியை நிரப்பி, கிலோமீட்டர் கணக்கு வையுங்கள்.

"எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று கடையில் சொல்வார்கள். அது நியாயமல்ல. குழாயை எடுத்தவர்கள் முள்ளையாவது ஒழுங்காகத் தர வேண்டாமா? உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், காசு வாங்காமல் சரிசெய்து தரும்படி கேளுங்கள்.